நடைப் பெரட்டில் அரைப் பேர்

கீழ்ப் பிரிவு, இரண்டாம் லயம்,
தெஹியோவிட்ட.
ஆடி மாதம், வியாழக்கிழமை.

பெல்மதுளைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்து, சாமான் வாங்காமல் வெறும் கதை பேச வருகிறவனையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிற பெரிய மனசுக்காரராகிய மச்சான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெயம்மாவின் வீட்டுக்காரனும், முப்பத்தொரு வருடம் ரப்பர் மலையில் கங்காணியாக இருந்து ஒரு சொல் கேட்காமல் ஓய்வு பெற்றவனுமாகிய ராமச்சந்திரன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்கார அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மச்சான், போன் இருக்கும்போது இவன் ஏன் தபால் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன் இப்போது என்னிடம் இல்லை. அது உங்கள் தங்கையின் இடுப்பில் இருக்கிறது. கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த நம்ம விஜயகலா, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணிச் சொல்கிற ஏதோ ஒன்றை அதில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஜெயம்மா காலையில் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, போனைச் சேலை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். எனக்கு யாராவது அழைப்பு எடுத்தால், மலையில் நின்றபடி "அவரு கீழ உக்காந்திருக்காரு, அப்பறமா எடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். உட்கார்ந்திருக்கிறேன் என்பதை ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, "படுத்திருக்காருன்னா சொன்னேன்" என்கிறாள். அதனால்தான் தபால். தவிரவும் இது நமக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

விஷயம் இதுதான். மாதா மாதம் நீங்கள் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிற மஸ்கட், தொதல் இனிப்புப் பெட்டியை இனிமேல் தயவுசெய்து அனுப்பாதீர்கள். முப்பது வருடத்துப் பாசத்தை இவன் ஒரு தபாலில் நிறுத்தச் சொல்கிறானே என்று கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். இது உங்கள் தங்கையின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம். அந்தக் காரியத்தை நான் எப்படி ஒற்றை ஆளாக நின்று வெற்றியாக முடித்தேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருடப்பிறப்பு முடிந்த கையோடு கிளினிக்கில் ஜெயம்மாவுக்கு இரத்தம் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு. சீனி வருத்தம் என்று முன்பே தெரியும், ஆனால் இவ்வளவு என்று தெரியாது. டாக்டர் "மாஸ துனய்" என்று மூன்று விரலைக் காட்டினார். மூன்று மாதத்துக்குள் நடந்து, சாப்பாட்டை மாற்றி, சீனியைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தினமும் ஊசிதான் என்றார். உங்கள் அக்கா கருப்பாயி மதினிக்குப் போன வருடம் இதே வருத்தத்தில் காலில் இரண்டு விரலை எடுத்தபோது நீங்கள்தானே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி என்றதைக் கேட்டு ஜெயம்மா அசையவில்லை. "ஹரி டொக்டர்" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டுச் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். எனக்குத்தான் கொஞ்சம் தலையைச் சுற்றியது. அது வெயில். அன்று நல்ல வெயில்.

கூட வந்த உங்கள் கருப்பாயி அக்கா சும்மா இருப்பாரா. கிளினிக் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள், "நடவுங்கள், நலமாக உண்ணுங்கள்" என்று ஏதோ எழுத்துப் பிழையோடு. அதில் வெள்ளைவெளேரென்று ஒரு பெண், காலில் சப்பாத்து, கையில் கண்ணாடிக் கோப்பை நிறையப் பச்சை இலை, அந்த இலையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். மதினி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கிளினிக் நர்ஸ் மர்லியா மிஸ்ஸியைக் கூப்பிட்டார். "ஏன் மிஸ்ஸி, இந்த வாங்குல உக்காந்திருக்கிற அத்தன பேரும் கருப்பு. படத்துல உள்ளவ மட்டும் வெள்ள. நோவு எங்களுக்கு, நடக்கிறது அவளுக்கா?" மிஸ்ஸிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க நடங்க கருப்பாயி அம்மா, ஒங்க படத்த நானே எடுத்து ஒட்டுறேன்" என்றார். "எலயப் பாத்துச் சிரிக்க நான் ஆடு கெடையாது, அத இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மதினி. மற்றப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர்கள் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள், இதெல்லாம் நமக்கில்லை, மாநகரத்து வெள்ளைத்தோல்காரிகளுக்கு என்று. எனக்கு அங்கேதான் யோசனை பிறந்தது.

இவர்களெல்லாம் யார்? காலையில் ஆள் கணக்கெடுக்கிற என் பெரட்டில் நின்றவர்கள். முப்பத்தொரு வருடம் விடியற்காலையில் இவர்கள் பேரைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பியவன் நான். ரப்பர் பால் வெட்ட வைக்கத் தெரிந்தவனுக்கு நடக்க வைக்கத் தெரியாதா? மறுநாளே பழைய விசிலைத் தேடி எடுத்தேன். பேர் பதிகிற செக்றோல் புத்தகம் ஒன்று மீதியிருந்தது, அதில் கோடு போட்டேன். பதினொரு பெண்கள், காலை ஆறு மணி, பழைய பெரட்டுக் களம். பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து பால் ஸ்டோர்வரை ஏற்றம், திரும்பி இறக்கம். அந்தக் காலத்தில் பிந்தி வருகிறவர்களுக்கு முழு நாள் பேர் போடாமல் அரை நாள் கூலிக்கு அரைப் பேர் போடுவோமே, அதே சட்டத்தை இதற்கும் வைத்தேன். ஒழுங்கு இல்லாமல் எந்த ஆரோக்கியமும் வராது மச்சான்.

முதல் நாள் விசில் ஊதினேன். நம்ப மாட்டீர்கள், பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். அதில் நாலு பேர் விசில் சத்தம் கேட்ட பழக்கத்தில் பால் வாளியும் கத்தியுமாக வந்து நின்றார்கள், நின்ற பிறகுதான் தாங்கள் ஓய்வு பெற்றவர்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. உங்கள் தங்கை மட்டும் நாலு நிமிடம் பிந்தினாள். சொந்தப் பெண்சாதி என்று நான் பார்க்கவில்லை. அரைப் பேர் போட்டேன். "ஒங்களுக்குத்தான தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அது வீட்டு வேல, இது பெரட்டு" என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். வரிசையில் நின்றாள் என்றால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர்கள் ஏற, நான் வாய்க்கால் போக்குக் கல்லில் குடையோடு உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். ஒரு கையில் தேத்தண்ணி, ஒரு கையில் நக்கிக் குடிக்கக் கொஞ்சம் சீனி. கங்காணி நடக்கிற வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை.

அடுத்தது சாப்பாடு. அதையும் நானே கையில் எடுத்தேன். வீட்டில் வெள்ளைச் சீனி கூடாது என்று சட்டம் போட்டு, டப்பாவை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன். எட்டுகிற உயரம் எனக்கு மட்டும்தான். அதற்குப் பதிலாக, இயற்கையானது, மரத்திலிருந்து இறக்குவது, எந்தக் கெடுதலும் இல்லாதது என்று எங்கள் சந்திக் கடை முக்தாரிடம் சொல்லி, அரநாயக்கவிலிருந்து அசல் கித்துள் மரப் பாகு, அதுதான் கித்துள் பாணி, மூன்று போத்தல் வரவழைத்தேன். தேத்தண்ணியில் பாணி, ரொட்டிக்குப் பாணி, கேழ்வரகுக் குரக்கன் பிட்டின் மேல் பாணி. ஜெயம்மா, "இது இனிக்குதே, இதுல ஒண்ணும் இல்லயா" என்று கேட்டாள். "இனிப்பு வேற, சீனி வேற" என்று விளக்கம் கொடுத்தேன். லயத்தில் மற்ற வீடுகளிலும் போய் இதே விளக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மர்லியா மிஸ்ஸி வந்து எல்லாருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். ஜெயம்மாவுக்கு இருநூற்று எண்பத்தொன்று. பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு ஏறியிருந்தது. மிஸ்ஸி என்னைப் பார்த்து, "ஐயா, அது மரத்துல இருந்து வந்தாலும் சரி, மில்லுல இருந்து வந்தாலும் சரி, ஒடம்புக்குள்ள போனா ஒண்ணுதான்" என்றார். இதில் என் தவறு ஒன்றுமில்லை மச்சான். போத்தலில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றரைப் போத்தலை வீணாக்குவது பாவம் என்று, யாருக்கும் கெடுதல் வராதபடி நான் ஒருவனாகவே பொறுப்பெடுத்து முடித்தேன்.

அதற்கு மறுநாள் காலையில் விசில் ஊதினால் பெண்கள் வந்தார்கள், ஆனால் யாரும் நிற்கவில்லை. பதினொரு பேரும் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் கருப்பாயி மதினி, காலை நீட்டிக்கொண்டு, ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு. "கங்காணி, இன்னைக்கு வேல நிறுத்தம்" என்றார். வேலையே இல்லாத இடத்தில் என்ன வேலை நிறுத்தம் என்று கேட்டேன். "அதத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார். "வேல இல்லாத எடத்துல எதுக்கு விசிலு? எதுக்குப் பேரு, அரப்பேரு? முப்பது வருசம் இந்த மலைல ஏறி எறங்கினோம். வாளியத் தூக்கிக்கிட்டு ஏறினோம், வயித்துல புள்ளையோட ஏறினோம். அப்ப ஒருத்தராச்சும் ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டீங்களா? அன்னைக்கு ஏறினது தோட்டத்துக்கு. இன்னைக்கு ஏறுறது எங்களுக்கு. அதுக்கும் நீங்க பேரு போடுவீங்களா?" மச்சான், நான் செக்றோல் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பனியில் நனைந்தால் மை அழிந்துவிடும்.

கோரிக்கை மூன்று வைத்தார்கள். விசில் கூடாது. சாப்பாட்டு விஷயம் மிஸ்ஸி சொன்னபடிதான், கங்காணி சொன்னபடி இல்லை. மூன்றாவது, கங்காணியும் நடக்க வேண்டும். முதல் இரண்டையும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டேன். மூன்றாவதை யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

போனவர்கள் எங்கே போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் காட்டிய பால் ஸ்டோரோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, பழைய மரங்களுக்கு ஊடாக இறங்கி, சிங்களக் கிராமத்து ரோட்டுக்குப் போய், ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்தார்கள். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு. நான் பேசிக்கொண்டு நடக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தேன். பேசினால்தான் தூரம் தெரியாது என்கிறார்கள். ஒரு வாரத்தில் கிராமத்துப் பெண்கள் நாலைந்து பேர் "அபித் எனவா" என்று தாங்களும் வருவதாகச் சொல்லிச் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் காலையில் வல்லாரை போட்ட இலைக்கஞ்சி கொண்டு வருவார்கள், இவர்கள் அவித்த பயறு கொண்டு போவார்கள், பால் ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்து பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இரண்டு விரல் இல்லாத காலோடு கருப்பாயி மதினி கடைசியில்தான் வருவார், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டேன். "மிச்சம் எட்டு வெரலு இருக்கு கங்காணி, அதையாவது காப்பாத்தணும்" என்றார்.

வீட்டுக்குள்ளும் ஆட்சி மாறியது. வெள்ளைச் சோறு இருந்த இடத்தில் சிவப்பரிசி, அதுவும் தட்டில் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மிச்ச இடமெல்லாம் கீரை, பிஞ்சுப் பலாக்காய், பயிற்றங்காய். லயத்துக்குப் பின்னால் கங்குன் கீரை நட்டிருக்கிறாள், முருங்கைக் கொம்பு ஊன்றியிருக்கிறாள். மூன்று கோதுமை ரொட்டி சாப்பிட்டவன் நான், இப்போது ஒரு குரக்கன் ரொட்டி, வல்லாரைச் சம்பல். தேத்தண்ணி வெறும் தேத்தண்ணி. கையில் வைத்து நக்கச் சீனி கேட்டால், "கைய நக்குங்க" என்கிறாள். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் முடியாதாம். நோயாளி அவள், பத்தியம் எனக்கு. உங்கள் தங்கைக்காக நான் செய்கிற தியாகத்தை ஒருவரும் பேசுவதில்லை, அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கோரிக்கையையும் நான் நிறைவேற்றாமல் விடவில்லை. ஒருநாள் நானும் மலைக்குப் போனேன். முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவர்களைக் கவனிக்க முடியாது என்பதால் பின்னால் நடந்தேன். பாதி ஏற்றத்தில், முழு வரிசையையும் ஒரே பார்வையில் பார்க்க வசதியாக ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அங்கே காற்று நன்றாக இருந்ததால் படுத்தேன். இதற்குப் போய் ஜெயம்மா பதறி, போனில் றிஸாத்தின் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். அன்று மிஸ்ஸி வந்து என் விரலிலும் குத்திப் பார்த்தார். பெண்களுக்குத் தைரியம் வரட்டும் என்று நான்தான் விரலை நீட்டினேன். அதில் என்ன எண் வந்தது என்பது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது. என் நடையைப் பற்றிச் சந்தேகம் யாருக்கும் இருந்தால், போன வாரம் ஒருநாள் போனை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஒரே நாளில் நாலாயிரத்து முந்நூறு அடி போட்டிருக்கிறேன். போன் பொய் சொல்லாது.

இனி முக்கியமான செய்தி. செவ்வாய்க்கிழமை கிளினிக். மூன்று மாதம் முடிந்த நாள். ஜெயம்மா வாங்கில் உட்கார்ந்து தன் நம்பருக்குக் காத்திருந்தாள். நான் வெளியே நின்றேன். உள்ளே காற்று போதாது. மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, குடையை நாலைந்து தரம் விரித்து விரித்து மடக்கினேன். அவளைக் கட்டி முப்பத்தாறு வருடம். அவள் காலில் சப்பாத்துப் போட்டு நான் பார்த்ததில்லை, இந்த மூன்று மாதத்தில்தான் விஜயகலா வாங்கி அனுப்பிய நீலச் சப்பாத்தைப் போடுகிறாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கருப்பாயி மதினியின் காலும் ஞாபகம் வரும். டாக்டர் கடதாசியைப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. "ஹொந்தய், ஹரிம ஹொந்தய்" என்றார். மிக நன்று என்று அர்த்தம். ஊசி இல்லை. ஜெயம்மா வெளியே வந்து என்னைப் பார்த்து, "என்ன, மழ வருதா, கண்ணெல்லாம் நனஞ்சிருக்கு" என்றாள். தூறல்தான் என்றேன்.

சுவரில் அந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் காணவில்லை. மர்லியா மிஸ்ஸி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அதே இடத்தில் நம் பெண்கள். முன்னால் ஊன்றுகோலோடு கருப்பாயி மதினி, பக்கத்தில் ஜெயம்மா, பின்னால் எல்லாரும், அவர்களுக்குப் பின்னால் நம் மலை. யாரும் இலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கிறார்கள். மதினி தன் படத்துக்கு எதிரே நின்று, "கருப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கோம்னு சொல்லுவாங்க. எதுக்கு அந்த 'இருந்தாலும்'? கருப்புதான் களையே" என்றார். வாங்கில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். மேல் பிரிவிலிருந்து வந்த ஒருத்தி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று ஜெயம்மாவிடம் கேட்டாள். படத்தின் இடது ஓரத்தில் கூர்ந்து பார்த்தால் ஒரு குடையின் நுனி தெரியும். அது என்னுடையது. இந்த இயக்கத்தின் ஸ்தாபகர் யார் என்பதற்கு அது போதும்.

இப்போது வயதையும் மற்றப் பொறுப்புகளையும் உத்தேசித்து, செக்றோல் புத்தகத்தை ஜெயம்மாவிடமே ஒப்படைத்துவிட்டேன். காலையில் நானும் அந்தப் பக்கமாகப் போய் ஒரு மேற்பார்வை செய்துவிட்டு வருகிறேன். ஆகவே மச்சான், இந்த வீட்டு வாசலுக்கு இனிமேல் ஒரு துண்டு மஸ்கட்கூட வரக் கூடாது. பாசம் இருந்தால் குரக்கன் மா அனுப்புங்கள். இந்தத் தபாலையும் ஜெயம்மாவிடமே கொடுத்துத் தபால் கந்தோருக்கு அனுப்புகிறேன். போக வர மூவாயிரம் அடி, அவளுக்கு நல்லது. அவள் அடுத்தவர் தபாலைப் படிக்கிற பெண் இல்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடி தெரியாமல், நீட்டிய காலும் மடக்கிய கையும் சொன்னபடி கேட்க நூறு வயது வாழட்டும். உங்கள் கடை வாசலில் எப்போதும் ஆள் நிற்கட்டும். மாரியம்மன் உங்கள் எல்லாரையும் நடக்க வைப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
ப. ராமச்சந்திரன், ஓய்வுபெற்ற கங்காணி.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீட்டு வாசலைப் பற்றித்தான். சந்தியில் முக்தார் கடை இருக்கிறது. அவர் பேருக்கு, பழைய பேப்பரில் சுற்றி, கால் கிலோ மஸ்கட் மட்டும் கண்டக்டரிடம் கொடுத்து விட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. முந்திரி போட்டது. என் பேர் எங்கேயும் வேண்டாம்.

அதற்கும் பின்குறிப்பு: அண்ணே, நான் ஜெயம்மா. ஒறைய ஒட்டப் பசை இல்ல, முக்தார் நானா கடையில ஒட்டிக்கன்னு குடுத்து விட்டாரு. இப்ப அந்தக் கடை பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன், நானாவோட பேனா. அடுத்தவங்க தபால நான் படிக்கிறதில்லதான். ஆனா முப்பத்தாறு வருசமா இவரு எனக்கு அடுத்தவரு இல்லயே.

இவருக்கு வந்த எண்ணு எரநூத்தித் தொண்ணூத்தி நாலு. கல்லுல படுத்தாரே, அது காத்து வாங்க இல்ல, மயக்கம். டாக்டரு இப்ப இவருக்கு மூணு வெரலக் காட்டியிருக்காரு. நாலாயிரத்து முந்நூறு அடி போட்டது நடந்து இல்ல. அன்னைக்குப் போனச் சட்டப் பையில வச்சுக்கிட்டு அவிசாவளைக்குப் பஸ்ஸுல போயிட்டு வந்தாரு. ரோட்டுல அவ்வளவு பள்ளம். போன் அதெல்லாம் அடின்னு எண்ணிருச்சு. மஸ்கட் வேணாம். நானாவும் வாங்கி வைக்க மாட்டேன்னு என் முன்னால சத்தியம் பண்ணிட்டாரு. எட்டாம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி இருந்தா அனுப்புங்க, கருப்பு நெறம், இவரு கால் அகலம்.

இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு ஊசின்னு சொன்ன அன்னைக்கு இவருக்குத் தல சுத்துனது வெயில்ல இல்ல. சாயங்காலம் பால் ஸ்டோருக்குப் பின்னால தனியா உக்காந்து அழுததக் கருப்பாயி அக்கா பாத்துட்டு வந்து சொல்லிச்சு. மறுநாளு விசிலோட வந்து நின்னாரு. அதுனாலதான் அந்த விசில ரெண்டு வாரம் பதினொரு பேரும் பொறுத்துக்கிட்டோம். அது கத்துனது எங்கள ஏவுறதுக்கு இல்ல, அந்த மனுசனுக்குப் பயம்.

இப்ப பயம் எனக்கு. ஆனா நான் விசில் ஊதல. இன்னைக்குக் காலையில களத்துல நின்னு செக்றோலப் பிரிச்சுப் பேரு கூப்பிட்டேன். என்னையும் சேத்துப் பதினொரு பேரும் இருக்கேன்னோம். பன்னெண்டாவது பேரு பத்து நிமிசம் பிந்தி, குடையோட, வெறுங்காலோட, இருக்கேன்னு வந்து நின்னுச்சு. சொந்தப் புருசன்னு பாக்கல அண்ணே. அரைப் பேருதான் போட்டேன். நாளைக்கு முழுப் பேரு போட வச்சிருவேன்.